வேலம்பாசிக்குக் கட்டிய கறுப்பு வேட்டி

பயம் வந்துவிட்டால் மூளை வேலை செய்யாது என்று சொல்கிறார்கள். என் விஷயத்தில் அது தப்பு. எனக்குப் பயம் வந்தால்தான் மூளை சுறுசுறுப்பாக வேலை செய்யத் தொடங்கும். என்ன, எனக்காக வேலை செய்யாது. என்னை மாட்டிவிடுவதற்காக வேலை செய்யும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதச் செவ்வாய்க்கிழமை. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வுக்கூடம். சென்னையிலிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளர் அம்மையார் முன்னால் நின்றுகொண்டு, தண்ணீருக்குள் வளரும் செடியை இருட்டில் வைத்தால் அது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து பாஸ்பேட் சத்தைத் தயாரித்துத் தரும் என்று பத்து நிமிடம் அடித்துப் பேசியவன் நான். உலகத்தில் அதுவரை யாரும் சொல்லாத கண்டுபிடிப்பு. (யாரும் சொல்லாததற்குக் காரணம் இருந்தது.)

அப்போது நான் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம். சொந்த ஊர் ஒலக்கூர்ப் பக்கம் ஒரு கிராமம். திண்டிவனத்தில் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். படிப்பு முடிய வேண்டுமானால் ஒரு ப்ராஜெக்ட் செய்தாக வேண்டும். எங்கள் கைடு சார் எனக்குக் கொடுத்த தலைப்பு, நீர்த்தாவரங்கள் சத்தை உறிஞ்சுவதில் வெளிச்சத்தின் பங்கு.

பயப்பட வேண்டாம், விஷயம் எளிது. ஏரியில் வேலம்பாசி என்று ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். குளிக்கும்போது காலில் சுற்றுமே, அதுதான். மற்ற செடிகள் வேரால் சாப்பிட்டால், அது உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு இலையாலேயே சாப்பிடும். ஆனால் வெளிச்சம் இருந்தால்தான் நன்றாகச் சாப்பிடும். வெளிச்சத்தில்தான் செடி சமைக்கிறது. அடுப்பு எரிகிற வீட்டுக்குத்தானே உப்பும் புளியும் தேவைப்படும்? அடுப்பு அணைந்த வீட்டுக்காரன் மளிகைக் கடைப் பக்கம் ஏன் போகப்போகிறான்?

ஆறு பாட்டில்களில் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு பாஸ்பேட், ஒரே அளவு வேலம்பாசி. மூன்று வெளிச்சத்தில், மூன்று இருட்டில். ஐந்து நாள் கழித்துத் தண்ணீரில் எவ்வளவு பாஸ்பேட் மிச்சம் என்று பார்க்க வேண்டும். வெளிச்சப் பாட்டிலில் குறைந்திருக்கும், இருட்டுப் பாட்டிலில் அவ்வளவாகக் குறைந்திருக்காது. முடிந்தது ப்ராஜெக்ட். இதில் ஒருவன் தோற்க முடியுமா?

நான் இரண்டு முறை தோற்றிருந்தேன்.

முதல் முறை பாட்டில்களைக் கல்லூரி வராந்தாவில் வைத்தேன். பெருக்க வந்த அம்மா, பாசி பிடித்த பாட்டில்களைப் பார்த்து மனம் பொறுக்காமல், ஆறையும் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். (இன்றுவரை அவ்வளவு சுத்தமான கண்ணாடியை நான் பார்த்ததில்லை.) இரண்டாம் முறை அக்கா வீட்டு மாடியில் வைத்தேன். இருட்டுப் பாட்டில்களுக்குக் கார்பன் தாள் சுற்றினேன். மார்கழிப் பனியில் தாள் நனைந்து, பாட்டில் நீலமாகி, என் கை நீலமாகி, முகத்தைச் சொறிந்துகொண்டதில் முகமும் நீலமாகி, அப்படியே பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனேன்.

கைடு சார் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, வர்ற செவ்வாக்கிழமை எக்ஸ்டெர்னல் வர்றாங்க. அன்னிக்கி கையில டேபிள் இருக்கணும், பாட்டிலும் இருக்கணும். இல்லன்னா இந்த வருஷம் உனக்கு இல்ல. அடுத்த வருஷம் ஜூனியர் பசங்களோட உக்காந்துக்க.”

“சார், இருட்டுக்கு இன்னா பண்றது சார்?”

“நல்ல கெட்டிக் கறுப்புத் துணியா வாங்கி ரெண்டு மடிப்பா சுத்து. அப்பறம், சோப்பு போட்ட கையோட கிட்ட போகாத. சோப்புத் தூள்லயும் பாஸ்பேட் இருக்கும். காலையில வெறுந்தண்ணியில குளிச்சிட்டு, சுத்தமா போய்த் தொடு.”

வருடம் போவது என்றால் வெறும் வருடம் போவதில்லை. என் அப்பா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். “ஒரே கிளாஸ்ல ரெண்டு வருஷம் குந்திகினு இருக்கறதா இருந்தா இங்க வந்துடு. மல்லாட்டைக்குக் களை வெட்ட ஆள் கிடைக்கல.” அப்பா மிரட்டுகிறவர் இல்லை. நிலக்கடலைக் களைக்கு அவருக்கு நிஜமாகவே ஆள் கிடைக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

புதன்கிழமை மாலை திண்டிவனத்தில் நான்கு ஜவுளிக்கடை ஏறி இறங்கினேன். கறுப்புத் துணி இல்லை. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் கறுப்புத் துணியை எல்லாம் வாங்கிவிடுவார்கள், மார்கழியில் கடைக்காரரிடம் மிஞ்சுவது ரோஸ் கலர்தான்.

தோற்றுப்போய் வீட்டு மாடிக்கு வந்தேன். கொடியில் ஒரு கறுப்பு வேட்டி ஆடிக்கொண்டிருந்தது. கெட்டியான வேட்டி. நான்கு முழம்.

அது என் மாமாவுடையது. அக்காவின் கணவர். அந்த வருடம்தான் முதல் தடவையாக மாலை போட்டிருந்தார், அதாவது கன்னிச்சாமி. அவரிடம் இரண்டே கறுப்பு வேட்டிகள். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில்.

மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கோபம் வந்தால் அவர் குரலுக்கு டவுன் பஸ்ஸே ஒதுங்கி வழிவிடும். வாடகைக்கு எடுத்தவன் சக்கரத்தைக் கோணலாக்கிக் கொண்டுவந்தால் அவனுடைய முப்பாட்டன் வரைக்கும் விசாரிப்பார். ஆனால் மாலை போட்டவர் ஒரு மண்டலத்துக்குக் கோபப்படக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, எதிரே வருகிற எல்லோரையும் ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். இந்தச் செய்தி ஊரில் பரவியது. விழுந்தாலும் திட்டு விழாது என்ற தைரியத்தில் அந்தக் கார்த்திகை, மார்கழியில்தான் திண்டிவனத்தில் பாதிப் பேர் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். நெளிந்த ரிம்மைக் கையில் வாங்கிக்கொண்டு மாமா கண்ணை மூடி, “பரவால்ல சாமி” என்பார். கழுத்து நரம்பு மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்டவருடைய வேட்டியைத்தான் நான் கொடியிலிருந்து உருவி மூன்றாகக் கிழித்தேன்.

கிழிக்கும்போது வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மூன்று பாட்டில்களுக்கும் இரண்டு மடிப்பாகச் சுற்றி இடுப்பில் சணல் கயிறு கட்டினேன். வாய்க்கு மேலே ஒரு துண்டை மடித்துத் தலைப்பாகை மாதிரி மூடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மூலையில் நிற்கவைத்தேன். வெளிச்சப் பாட்டில் மூன்றையும் எதிர்க் கைப்பிடிச் சுவரோரம் வெயிலில் வைத்தேன்.

மறுநாள் காலை விசாரணை ஆரம்பித்தது.

“சாமி.”

“சொல்லுங்க சாமி.”

“மாடியில என் வேட்டி காஞ்சிகினு இருந்திச்சு சாமி.”

“அப்படிங்களா சாமி.”

“இப்ப இல்ல சாமி.”

“நேத்து காத்து பலமா அடிச்சிது சாமி.”

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தார். (இரண்டையும் ஒரே வாயால் செய்ய முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.) “காத்து வந்து, கிளிப்ப கழட்டி, கிளிப்ப மறுபடியும் கயித்துல மாட்டிட்டு, வேட்டிய மட்டும் எடுத்துகினு போச்சுங்களா சாமி?”

நான் உடனே அவரோடு சேர்ந்து வேட்டியைத் தேடப் புறப்பட்டேன். பக்கத்து வீட்டுக் கொல்லை, எதிர் வீட்டுக் கூரை, சாக்கடை, எல்லா இடத்திலும் தேடினேன். குற்றவாளியே தேடினால் எவ்வளவு ஊக்கமாகத் தேடுவான் என்பதற்கு நான் உதாரணம். மாமா அன்றிலிருந்து ஒரே வேட்டியோடு, காலையிலும் மாலையிலும் குளித்து, ஈரத்தைப் பிழிந்து அப்படியே கட்டிக்கொண்டு கடைக்குப் போனார். மார்கழிக் குளிரில் தும்மினார். ஒவ்வொரு தும்மலுக்கும் எனக்கு முதுகு கூசியது. ஆனால் ஐந்து நாள். ஐந்தே நாள். அப்புறம் காலில் விழுந்துவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கன்னி பூஜை. முதல் தடவை மலைக்குப் போகிறவர் வீட்டில் மற்றச் சாமிகளை அழைத்துப் பூஜை செய்து சாப்பாடு போடுவார்கள். மாடியில்தான் பந்தல். முப்பது சாமிகள் வந்தார்கள். அவர்களை மலைக்கு அழைத்துப்போகும் குருசாமி பெரியவர், தடித்த கண்ணாடி, கையில் விபூதித் தட்டு. மூலையில் என் பாட்டில்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் மாமாவின் வேட்டி இருக்கிறது. அதற்கு முன்னால் மாமாவே இருக்கிறார்.

“டேய், வாழ இல பத்தல, ஜல்தி போய் வாங்கியா” என்று அக்கா துரத்தினாள். மார்க்கெட்டில் இலை இல்லை. தேடிப் பிடித்து நான் திரும்பி வருவதற்குள் பஜனை முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மூன்று பாட்டில்களும் கட்டியது கட்டியபடி நின்றன. மாமா சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். பக்தியில் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, ஒவ்வொரு பாட்டிலின் மேல்தண்ணீரில் கொஞ்சம் எடுத்துச் சிறு புட்டிகளில் அடைத்து, விழுப்புரம் கொண்டுபோனேன்.

பாஸ்பேட்டைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. தண்ணீரை வடிகட்டி இரண்டு மருந்து விட்டால் நீல நிறம் வரும். சத்து அதிகமென்றால் அடர் நீலம், குறைவென்றால் வெளிர் நீலம். நிறத்தை அளக்கிற கருவி எங்கள் துறையில் இருந்தது. கெட்டுப்போய்விடும் என்பதால் யாரும் தொடாதபடி பூட்டி வைத்திருந்தார்கள். ஆகவே கண்ணால்தான் ஒப்பிட வேண்டும்.

ஆரம்பத் தண்ணீர் வானத்து நீலம். சரி. வெளிச்சப் பாட்டில் தண்ணீர் கிட்டத்தட்ட நிறமே இல்லை. செடி சாப்பிட்டுவிட்டது. மிகச் சரி. இருட்டுப் பாட்டில், ஆரம்பத் தண்ணீரைவிட ஒரு சுற்று வெளுத்திருக்க வேண்டும்.

மயில் கழுத்து நிறத்தில் இருந்தது.

நான் வைத்ததைவிட அதிகம்! பத்துப் பேருக்குச் சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் பானையில் இருபது பேர் சோறு இருக்கிற மாதிரி. மறுபடியும் செய்தேன். மயில் கழுத்து. மூன்றாம் முறை செய்தேன். மருந்து தீர்ந்தது. மயில் மட்டும் தீரவில்லை.

அந்த நேரத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? கைடு சாரிடம் போய், “சார், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது” என்பான். எனக்குத்தான் பயம் வந்துவிட்டதே, மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதே. பஸ்ஸில் விக்கிரவாண்டி வருவதற்குள் ஒரு கொள்கையையே உருவாக்கிவிட்டேன். இருட்டில் செடிக்கு வேதனை. வேதனையில் தன் உடம்பில் இருக்கும் பாஸ்பேட்டை வெளியே விட்டுவிடுகிறது. இதற்கு ‘நெகட்டிவ் அப்டேக்’ என்று பெயரும் வைத்தாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பாட்டில்களையும் கொண்டுபோக வேண்டும். தனியாக முடியாது. அக்கா மாமாவிடம் சொன்னாள்: “நீங்க கூடப் போய்ட்டு வாங்க. பாவம், புள்ள படிப்பு விஷயம்.”

“போய்ட்டு வர்றேன்” என்றார் மாமா உடனே. பிறகு என் பக்கம் திரும்பினார். “அந்தக் கறுப்பு கட்டினது மூணையும் நான் புடிச்சிக்கறேன் சாமி. நீங்க சும்மா நிக்கிறத எடுத்துக்குங்க.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆனால் அவர் துணியைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் கூட்டம். கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, ஒரு மாதத் தாடி, கையில் கறுப்பு கட்டிய மூன்று உருவங்கள் என்று மாமா ஏறியதும் கண்டக்டர் ஓடி வந்தார். “ஏம்பா, எழுந்திரு, சாமிக்கு எடம் வுடு.” மாமாவுக்கு ஓர் இடம், பாட்டில்களுக்கு ஓர் இடம். வெளிச்சப் பாட்டில்களை அணைத்துக்கொண்டு நான் படிக்கட்டில் நின்றேன். விக்கிரவாண்டியில் ஏறிய ஓர் அம்மா மூன்று பாட்டில்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “எந்தக் கோயிலுக்குப் போவுது சாமி?” என்று கேட்டாள்.

“காலேஜுக்கும்மா” என்றார் மாமா. பொய் சொல்லக் கூடாதே.

முண்டியம்பாக்கத்தில் கரும்பு வண்டிகள் வழிமறித்து நின்றன. அங்கேயே பஸ் சாயங்காலம் வரை நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நிற்கவில்லை.

அந்த அம்மையார் மெலிந்த உருவம், காட்டன் புடவை, சத்தமே வராத பேச்சு. அதட்டுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். மெதுவாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்கு நாக்கு குழறும். கைடு சார் பக்கத்தில் கைகட்டி நின்றார். மாமா வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அம்மையார் என் அட்டவணையைப் பார்த்தார். “வெளிச்சத்துல வெச்சது நல்லா வந்திருக்கு. இருட்டுல வெச்சது, நீ போட்டதைவிட அதிகமா இருக்கே தம்பி. மிச்சம் எங்கருந்து வந்துது?”

“நெகட்டிவ் அப்டேக் மேடம்.”

“அப்படின்னா?”

“இருட்டுல செடி கஷ்டப்படுது மேடம். உள்ள இருக்கறத வெளிய விட்டுடுது.”

“கொஞ்சம் விடும். இவ்வளவு விடறதுக்குச் செடிக்குள்ள அவ்வளவு இருக்காதேப்பா.”

“அது… தயாரிச்சு விடுது மேடம்.”

கைடு சார் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. சைக்கிள் இறக்கத்தில் போகிறது, பிரேக் இல்லை, மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறேன். இருட்டு, வேதனை, தற்காப்பு, பரம்பரை எல்லாவற்றையும் இழுத்தேன். கரும்பலகையில் ஒரு படமும் போட்டேன். அந்தப் படத்தில் செடி அழுதுகொண்டிருந்தது.

“இதை யார் சொல்லியிருக்காங்க?” என்று கேட்டார், அதே மெல்லிய குரலில்.

“ஒரு ஜெர்மன்காரர் மேடம்.”

“பேரு?”

“நாக்குலயே நிக்கிது மேடம்.” (என் நாக்கில் அதுவரை எந்த ஜெர்மன்காரரும் வந்து நின்றதில்லை.)

அவர் எழுந்து வந்தார். “துணியைப் பிரி.”

சணலை அவிழ்த்தேன். உள்ளே வேலம்பாசி வாடிச் சோர்ந்து கிடந்தது. பாட்டிலின் அடியில் விரல் கனத்துக்கு வெள்ளையாக, மெத்தென்று ஏதோ படிந்திருந்தது. அதன் மேல் ஒரு சாமந்தி இதழ்.

“இது என்ன?”

“ஏரித் தண்ணி மேடம், சுண்ணாம்பு இருக்கும்…”

“வெளிச்சப் பாட்டில்ல ஏன் சுண்ணாம்பு இல்ல? அந்த ஏரியிலயும் சாமந்தி பூக்குதா?”

நான் உள்ளங்கையால் பாட்டிலின் அடியை மறைத்துக்கொண்டேன்.

“வீட்ல வேற யாராவது இதைத் தொட்டாங்களா?”

“சத்தியமா யாரும் தொடல மேடம். நான் குளிச்சிட்டுதான் கிட்டயே போவேன்.”

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். “அங்க உக்காந்திருக்கறவர் உன்கூட வந்தவர்தானே? கூப்பிடு.”

மாமா உள்ளே வந்து கும்பிட்டார். நான் அம்மையாருக்குப் பின்னால் நின்று கண்ணால் கெஞ்சினேன், கையால் கெஞ்சினேன், புருவத்தால்கூடக் கெஞ்சினேன்.

“சாமி, இந்தப் பாட்டில்ல யாராவது ஏதாவது போட்டாங்களா?”

“போட்டாங்க மேடம். எங்க குருசாமி போட்டாரு.”

“என்ன போட்டார்?”

“விபூதி மேடம். ஞாயித்துக்கிழம எங்க வூட்ல கன்னி பூஜ. குருசாமி எல்லா சாமிக்கும் விபூதி குடுத்துகினே வந்தாரு. தொட்டிக்குப் பின்னால மூணு பேரு கறுப்பு கட்டினு நிக்கிறதப் பாத்தாரு. அவருக்குப் பார்வ கொஞ்சம் கம்மிங்க. கிட்டப் போய்ப் பாத்துட்டு, ‘இது இன்னா சாமி?’ன்னு எங்க வூட்டுக்காரிய கேட்டாரு. அவ, ‘என் தம்பி வெச்சிருக்கான் சாமி, யாரையும் தொட வுட மாட்டான், தெனம் காலையில பச்சத் தண்ணியில குளிச்சிட்டுதான் கிட்டப் போவான்’னா. ‘அப்ப பூஜதான்’னு சொல்லிட்டு, மூடியிருந்த துணியத் தூக்கி, ஒவ்வொண்ணுலயும் ஒரு கைப்புடி போட்டாரு. பூவும் போட்டாரு. சரணம் சொன்னாரு. நாங்க முப்பது பேரும் பதிலுக்குச் சொன்னோம் மேடம்.”

கைடு சாரின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அம்மையார் அந்தக் கறுப்புத் துணியைக் கையில் எடுத்தார். “இந்தத் துணி?”



“என் வேட்டி மேடம்” என்றார் மாமா அமைதியாக. “ஓரத்துல கறுப்பு நூல் இல்லன்னு எங்க வூட்ல வெள்ள நூல்ல மடிச்சித் தச்சிருந்தாங்க. அதோ தெரியுது பாருங்க. கொடியில காஞ்சிகினு இருந்திச்சு. காத்து எடுத்துகினு போச்சுன்னு சாமி சொன்னாரு.”

“உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?”

“குருசாமி துணியத் தூக்கறப்பவே தெரிஞ்சிபோச்சு மேடம்.”

“ஏன் ஒண்ணும் கேக்கல?”

“கோவப்படக் கூடாதுங்க” என்றார் மாமா. “மலைக்குப் போய்ட்டு வந்து, மாலைய கழட்டிட்டு கேட்டுக்கலாம்னு வெச்சிருக்கேன்.”

அம்மையாருக்கு அதற்கு மேல் முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கைடு சார் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாத ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். மல்லாட்டைக் காடு என் கண்ணெதிரே பச்சைப் பசேலென்று விரிந்துகொண்டிருந்தது.

சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “விபூதி சாணிச் சாம்பல் தம்பி. அதுல பாஸ்பேட் இருக்கும். உங்க குருசாமி உன் செடிக்கு உரம் போட்டிருக்கார். வெளிச்சம் இருந்திருந்தா அதையும் சாப்பிட்டிருக்கும். இருட்டுல சாப்பிடத் தெம்பில்ல, பந்தியில பரிமாறினது அப்படியே இலையில கெடக்கு. உன் தலைப்பு இதுதானே? கண்ணு முன்னாடியே நிக்கிது. நீ என்னடான்னா ஜெர்மனிக்குப் போய்ட்டே.”

“மேடம், வருஷம்…”

“இன்னிக்கி நான் கையெழுத்துப் போட மாட்டேன். தள்ளவும் மாட்டேன். பொங்கல் முடிஞ்சதும் இருட்டுப் பாட்டிலை மட்டும் திரும்பச் செய். கூடவே செடியில்லாம வெறும் தண்ணியில விபூதி போட்டு மூணு பாட்டில் வெய். எவ்வளவு சத்து கரையுதுன்னு பார். தை கடைசிக்குள்ள உங்க சார் மூலமா எனக்கு அனுப்பணும். அப்பவும் தப்பா வந்தா, தப்பா வந்துதுன்னே எழுது.”

திரும்பி வரும் பஸ்ஸில், விக்கிரவாண்டி தாண்டியதும் மாமா மெதுவாகக் கேட்டார்.

“சாமி.”

“சாமி.”

“அந்த ஜெர்மன்காரர் பேரு இன்னா சாமி?”

அந்த வாரமே மாமா இருமுடி கட்டிப் புறப்பட்டார், மிஞ்சிய ஒரே வேட்டியோடு. நான் பொங்கலுக்கு ஊருக்கு ஓடினேன். காணும் பொங்கல் முடிந்ததும் அக்காவிடமிருந்து ஆள் வந்தது. மாமா வந்துவிட்டார், மாலையைக் கழற்றிவிட்டார், உன்னைக் கூப்பிடுகிறார்.

போனேன். மழமழவென்று சவரம் செய்த முகம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“டேய்.”

இரண்டு மாதத்துக்குப் பிறகு கேட்ட அந்த ‘டேய்’ எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகவே இருந்தது. அப்புறம் தொடங்கினார். ஒரு மண்டலம் பூட்டி வைத்த கோபம். வேட்டிக்குத் திட்டினார், காற்றுக்குத் திட்டினார், தும்மலுக்குத் திட்டினார். அது முடிந்ததும் நெளிந்த ரிம்கள் நினைவுக்கு வந்தன. திண்டிவனத்தில் யார் யாரோ நெளித்த ரிம்முக்கெல்லாம் என்னைத் திட்டினார். எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்று கேட்டார்கள். “பேஜாரு புடிச்சவனே, வாயத் தொறந்து ‘மாமா, வேட்டி குடு’ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?” என்று கேட்டபோதுதான் குரல் இறங்கியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. கேட்டிருக்கலாம்தான். பயத்தில், மனிதரிடம் கேட்கலாம் என்பதே தோன்றவில்லை.

அக்கா காபி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு மாமா உள்ளே போய், மலைக்குப் போய் வந்த அந்த இரண்டாவது வேட்டியைத் துவைத்து மடித்தபடி கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

“கிழி.”

“மாமா…”

“கிழிடா. ஆனா என் எதிர்ல கிழி.”

மறுபடியும் பாட்டில் வைத்த அந்த ஐந்து நாளும் மாமா கடைக்கு அரை நாள்தான் போனார். மீதி நேரம் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாட்டில்களைக் காவல் காத்தார். வடாம் காயவைக்க வந்த அக்காவைக்கூடக் கீழேயே நிறுத்திவிட்டார். விபூதி போடவேண்டிய மூன்று பாட்டில்களில், அளந்து கொடுத்ததை அவரே தன் கையால் போட்டார். (சரணம் சொல்லாமல் போட முடியவில்லை அவரால். சொல்லிக்கொண்டே போட்டார். அதை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை.)

எல்லாம் வர வேண்டிய நிறத்தில் வந்தது. வெறும் இருட்டுப் பாட்டில் ஆரம்ப நீலத்திலிருந்து ஒரு சுற்றுத்தான் வெளுத்திருந்தது. விபூதித் தண்ணீர் மயிலாகவே நின்றது. தை மாதம் முடிவதற்குள் சென்னையிலிருந்து கையெழுத்து வந்துசேர்ந்தது. அந்த வருடம் போகவில்லை. பின்னாளில் நானும் பல வருடம் இந்தப் பாடத்தையே நடத்திச் சம்பளம் வாங்கினேன்.

மாமா அதற்குப் பிறகு மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. பதினெட்டு வருடம் போய் இப்போது அவரே குருசாமி. ஒவ்வொரு மார்கழியும் யாராவது ஒரு கன்னிச்சாமி வீட்டில் பூஜை நடக்கும், விபூதித் தட்டோடு வரிசையாக வருவார். எல்லோருக்கும் கேட்காமல் கொடுப்பார். என் எதிரே வந்ததும் மட்டும் நின்றுவிடுவார். பின்னால் அக்கா பிள்ளைகளும் என் பிள்ளைகளும் அதற்குள்ளேயே வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள்.

“நீங்க வெளிச்சப் பாட்டிலா சாமி, இருட்டுப் பாட்டிலா?”

“இருட்டுதான் சாமி” என்பேன் குனிந்து. “கொஞ்சம் கூடவே போடுங்க.”